'ஓவர்' சொல்லிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள்

2016ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி காலை. லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்றோர் ஊர். அங்குள்ள சாண்ட்ரிங்ஹாம் இடைநிலைப்பள்ளியின் மண்டபத்தில் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். வானொலிக் கருவியின் முன்னால் ஒலிவாங்கியோடு ஒரு மாணவி. பதின்ம வயதுதான். ஆனால், சொந்தப் பெயரில் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர்.

"கோல்ஃப் பிராவோ ஒன் சியரா சியரா, இது கோல்ஃப் பிராவோ ஒன் சியரா ஆல்ஃபா நவம்பர்" என்று அழைக்கிறார். முதலில் சொன்னது விண்வெளியில் இருப்பவரின் அடையாளக் குறி. அடுத்தது பள்ளிக்காக வாங்கிய குறி.

பதில் இல்லை. இரைச்சல் மட்டும் வருகிறது. மறுபடி அழைக்கிறார். மறுபடியும் இரைச்சல். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. இன்னொரு முறை. அதற்குப் பிறகுதான் அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஓர் ஆண் குரல் வருகிறது. டிம் பீக். பிரிட்டனைச் சேர்ந்த விண்வெளி வீரர். அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போய் நான்கு வாரம்கூட ஆகவில்லை.

இந்தப் பதிவை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அடுத்து வந்த கேள்வி பதில்களைவிட, அந்த முதல் மௌனத்தைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். வானொலி அறிவிப்பாளர்களுக்கு மௌனம் என்றால் நடுக்கம். ஊடகத்துறை படிக்கும்போதே மனத்தில் பதிய வைத்துவிடுவார்கள்: மூன்று விநாடி சத்தம் இல்லையென்றால் நேயர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். அதனால் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் எதையாவது போட்டு நிரப்பிவிடுவோம். அந்த மாணவி எதையும் போட்டு நிரப்பவில்லை. அழைத்தார், பொத்தானை விட்டார், காத்திருந்தார். மறுபடி அழைத்தார்.

காணொளி அழைப்பில் பாட்டியையும் பேரனையும் தினமும் பார்த்துக்கொள்கிற காலம் இது. விண்வெளி வீரர்கள்கூட அங்கிருந்தே படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் போடுகிறார்கள். அப்படியிருக்க, இரைச்சலோடு கேட்கும் ஒரு வானொலிக்காகப் பள்ளிகள் ஏன் மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்? எனக்கு அதற்கான பதில் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. அங்கே அழைப்பது பிள்ளை. காத்திருப்பதும் பிள்ளை. பதில் வருமா வராதா என்று அந்த நேரத்தில் பெரியவர்களுக்கும் தெரியாது.

ஓர் அரசரும் ஒரு கைவானொலியும்

இது இன்று நேற்று தொடங்கியதில்லை. 1983ஆம் ஆண்டு கொலம்பியா விண்ணோடத்தில் போன ஓவன் கேரியட் என்ற அமெரிக்க விண்வெளி வீரர், கையடக்க வானொலி ஒன்றைக் கூடவே கொண்டுபோனார். அவருக்குச் சிறு வயதிலிருந்தே அமெச்சூர் வானொலிப் பைத்தியம். ஓய்வு நேரத்தில் ஜன்னல் ஓரத்தில் ஆண்டெனாவை வைத்துக்கொண்டு, கீழே யார் இருக்கிறார்கள் என்று அழைத்தார். பதில் சொன்னவர்களில் ஒருவர் ஜோர்டான் மன்னர் ஹுசேன். அவரும் உரிமம் பெற்ற அமெச்சூர். 'ஜேஒய்1' என்பது அவருடைய குறி. விண்வெளியிலிருந்து அமெச்சூர் வானொலியில் பேசியது அதுவே முதல் தடவை. கேரியட்டின் மகன் ரிச்சர்ட் 2008இல் தன் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போனபோது அவரும் வானொலியில்தான் உட்கார்ந்தார் என்பது தனிக் கதை.

அதன் பிறகு விண்ணோடப் பயணங்களில் பள்ளிகளோடு பேசுவது ஒரு திட்டமாகவே ஆனது. ரஷ்யர்களும் சளைத்தவர்கள் இல்லை. மிர் நிலையத்தில் 1991இல் இருந்த செர்கெய் கிரிக்காலெவ், சோவியத் யூனியன் கீழே சிதறிக்கொண்டிருந்த மாதங்களில், பல நாட்டு அமெச்சூர்களோடு வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் புறப்பட்ட நாடு, திரும்பி வந்தபோது இல்லை. செய்தி கேட்கவும் பேச்சுத் துணைக்கும் அவருக்கு அந்தச் சிறிய கருவி இருந்தது.

இப்போதுள்ள அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு முதல் குழு போய்ச் சேர்ந்தது 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி. அமெச்சூர் வானொலிக் கருவி அதற்கு முன்னரே, செப்டம்பரில், விண்ணோடத்தில் அங்கே போய்விட்டது. ஆள் குடியேறும் முன்பே வானொலி குடியேறிவிட்டது என்று சொல்லலாம். டிசம்பர் 21ஆம் தேதி, சிக்காகோவுக்கு அருகே உள்ள லூதர் பர்பேங்க் பள்ளிப் பிள்ளைகளோடு குழுத் தலைவர் பில் ஷெப்பர்ட் பேசினார். நிலையத்திலிருந்து ஒரு பள்ளியோடு நடந்த முதல் உரையாடல் அது. 2016இல் இந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

இத்தனையையும் ஏற்பாடு செய்வது 'ஆரிஸ்' என்ற அமைப்பு. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ரஷ்யா, ஜப்பான் எனப் பல நாடுகளின் அமெச்சூர் வானொலிச் சங்கங்களும் விண்வெளி நிறுவனங்களும் சேர்ந்து நடத்துகின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தொண்டூழியர்கள். யாரோ ஒரு பொறியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வார இறுதியில் வீட்டுக் கூரையில் ஏறி ஆண்டெனா மாட்டும் ஒருவர்.

ஒரு கைவானொலி எப்படி விண்வெளியை எட்டும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. காவலர் கையில் இருக்கும் வாக்கி டாக்கி பக்கத்து அடுக்குமாடிக்குப் போனாலே கரகரக்கிறது, அது எப்படி விண்வெளிக்குப் போகும்?

நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சாலையில் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இந்த உரையாடல்களுக்குப் பயன்படும் அலைகள் நேர்கோட்டில் போகும் வகை. நம் பண்பலை ஒலிபரப்பும் அதே குடும்பம். அதனால்தான் கெந்திங் பக்கம் கூனோங் ஊலு காலி உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. மலையும் கட்டடமும் குறுக்கே வந்தால் அலை தடுமாறும். மேல்நோக்கிப் பார்த்தால் குறுக்கே என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. எனவே சில வாட் சக்தி போதும்.

சிக்கல் தூரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. நிலையம் ஒரு விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கோலாலம்பூர் வானத்திலிருந்து சிங்கப்பூர் வானத்துக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். தொடுவானத்தின் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் இறங்க, மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். இதைத்தான் ஒரு 'பாஸ்' என்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வணக்கம் சொல்லி, கேள்வி கேட்டு, பதில் வாங்கி, நன்றியும் சொல்லிவிட வேண்டும். 'கொஞ்சம் இருங்கள், அடுத்த மாணவர் வருகிறார்' என்றால் நிலையம் இருக்காது.

அந்தப் பத்து நிமிடமும் ஆண்டெனா நிலையத்தைத் துரத்திக்கொண்டே திரும்ப வேண்டும். கணினி வழி காட்ட, மோட்டார்கள் ஆண்டெனாவைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைக்கும். அலைவரிசையும் நிலையாக நிற்காது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் ஒரு மாதிரியும், கடந்துபோகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதே, அதே கதைதான். நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. ஆனால் அது நம்மை நோக்கி எழுந்து வரும்போது மூன்று கிலோஹெர்ட்ஸ் போல மேலே தேட வேண்டும். விலகிப்போகும்போது அதே அளவு கீழே. குரல் மாறாது, குரல் இருக்கும் இடம் நகரும்.

சில பள்ளிகளுக்கு இவ்வளவு கருவி வசதி இருக்காது. அப்படிப்பட்ட இடங்களுக்கு வேறு வழி உண்டு. உலகின் ஏதோ ஒரு மூலையில் உள்ள அனுபவமிக்க அமெச்சூர் தன் வீட்டு ஆண்டெனாவில் நிலையத்தைப் பிடிப்பார். பள்ளி அவரோடு தொலைபேசியில் இணைந்திருக்கும். பிள்ளையின் கேள்வி கடல் தாண்டி ஒரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து மேலே போகும்.

சாண்ட்ரிங்ஹாம் பள்ளி நேரடியாகவே பேசியது. டிம் பீக் அங்கே இருந்த ஆறு மாதத்தில் பேசுவதற்காகப் பிரிட்டனில் தேர்வான பத்துப் பள்ளிகளில் முதலாவது அது. அடுத்த மாதம், பிப்ரவரி 11ஆம் தேதி, ரிக்மன்ஸ்வொர்த்தில் உள்ள ராயல் மேசோனிக் பெண்கள் பள்ளியில் குரலோடு படமும் வந்தது. அமெச்சூர் தொலைக்காட்சி வழியாக விண்வெளி வீரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பள்ளி பேசியது உலகத்தில் அதுவே முதல் தடவை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது பெரிய படி. இருந்தாலும் முகம் தெரியாத அந்த முதல் பள்ளிப் பதிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இது வானொலிக்காரியின் பாரபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியைச் சுருக்குவது

பத்து நிமிடம் என்பது கேள்வியை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு பள்ளி பத்திலிருந்து இருபது கேள்வி வரை தயார் செய்யும். ஒவ்வொரு பிள்ளையும் ஒலிவாங்கி முன்னால் வந்து பெயர் சொல்லி, கேள்வி கேட்டு, 'ஓவர்' என்று முடிக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. அதனால் 'ஓவர்' சொல்லாமல் நிறுத்தினால் மேலே இருப்பவருக்கு முடிந்ததா, குரல் அறுந்ததா என்று தெரியாது.

இங்கே கேள்வி நீண்டால் அடுத்த பிள்ளையின் நேரம் போகிறது. 'மதிப்பிற்குரிய விண்வெளி வீரர் அவர்களே, தாங்கள் அங்கே...' என்று தொடங்கினால் கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். சிறுவர் நிகழ்ச்சிகளை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகளைச் சுருக்கமாகப் பேச வைப்பது கடினமில்லை. அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பெரியவர்களைச் சுருக்கமாக எழுத வைப்பதுதான் கடினம்.

தயாரிப்பில் இன்னொரு பகுதி, நடக்காமல் போவதற்கான தயாரிப்பு. நேரடியாகப் பேசும் பள்ளியில் இரண்டாவது வானொலியும் இரண்டாவது ஆண்டெனாவும் தயாராக இருக்க வேண்டும். மின்சாரம் போனால் மின்கலம். இன்ன வாரம் என்று முதலில் சொல்வார்கள். துல்லியமான நேரம் நாள் நெருங்கும்போதுதான் உறுதியாகும். அத்தனையும் சரியாக இருந்து, மேலே அவசர வேலை வந்துவிட்டால் அவ்வளவுதான். அழைத்து அழைத்துப் பதில் வராமல் கலைந்து, வேறொரு நாளில் மறுபடி கூடிய பள்ளிகளும் உண்டு.

விண்வெளி வீரர்களுக்கு இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. பயிற்சியின்போதே பலர் அமெச்சூர் உரிமம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வு நேரத்தில், பள்ளியோடு ஏற்பாடு எதுவும் இல்லாதபோதும் பொதுவாக அழைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. 2022இல் கெல் லிண்ட்கிரென் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அப்பாவின் வானொலியில், அப்பாவின் மேற்பார்வையில், பதில் கொடுத்தாள். பேச்சு நீடித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தனக்கு மிகவும் பிடித்த உரையாடல் இதுவாகத்தான் இருக்கும் என்று லிண்ட்கிரென் பிறகு எழுதினார்.

நம் பக்கத்தில், 2025 ஜூலை 4ஆம் தேதி, பெங்களூரில் உள்ள யூ.ஆர்.ராவ் விண்கல மையத்திலிருந்து மாணவர்கள் சுபான்ஷு சுக்லாவோடு அமெச்சூர் வானொலியில் பேசினார்கள். அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர் அவர். சில நாள் கழித்து மேகாலயாவிலும் ஓர் உரையாடல் நடந்தது.

நமக்கு எப்போது?

மலேசியாவுக்கும் ஒரு விண்வெளி வீரர் உண்டு. 2007 அக்டோபர் 10ஆம் தேதி இரவு 9 மணி 22 நிமிடத்துக்கு ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் பைக்கோனூரிலிருந்து புறப்பட்டார். எனக்கு அப்போது எஸ்பிஎம் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்பு மாதம். தொலைக்காட்சியில் கவுண்ட்டவுன் போனபோது எங்கள் வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை, புத்தகத்தைத் திறக்கவும் யாரும் சொல்லவில்லை.

பள்ளி வானொலி உரையாடல் என்று வரும்போது நமக்கு இரண்டு இயற்கைச் சிரமங்கள். முதலாவது, இடம். நிலையத்தின் பாதை வடக்கேயும் தெற்கேயும் 51.6 பாகை வரை போய்த் திரும்புகிறது. திரும்பும் அந்த விளிம்புக்கு அருகில், செயின்ட் ஆல்பன்ஸ் போன்ற இடங்களில், ஒரே நாளில் அடுத்தடுத்துப் பல தடவை தலைக்கு மேலே போகும். நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் நமக்கு அவ்வளவு கிடைக்காது. இரண்டாவது, நேரம். நிலையத்தின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. காலை 6 மணிக்கு எழுந்து இரவு 9.30க்குப் படுப்பது அவர்களின் வழக்கம். நமக்கு அது பிற்பகல் 2 மணியிலிருந்து விடியற்காலை 5.30 வரை. நம் பிள்ளைகள் சபைகூடலில் வரிசையாக நிற்கும் நேரத்தில் விண்வெளி வீரர்கள் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள்.

அதனால்தான் நான் போன அந்த நிகழ்ச்சியும் பள்ளி முடிந்த பிறகு, மாலை 5 மணிக்கு மேல் நடந்தது. சிலாங்கூரில் ஒரு தமிழ்ப்பள்ளி. அறிவியல் கழகத்து ஆசிரியை கூப்பிட்டிருந்தார். உரையாடல் நமக்கானது இல்லை. நம் வட்டாரத்தில் வேறொரு நாட்டுப் பள்ளி பேசப்போகிறது, நிலையம் நமக்கும் தெரியும் உயரத்தில் போகிறது, கேட்டுப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. தொலைத்தொடர்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வானொலியோடு வந்தார். 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறி உள்ளவர். பிள்ளைகள் அவரை 'அங்கிள், அங்கிள்' என்று சுற்றிக்கொண்டார்கள். அவர் கையில் இருந்த ஆண்டெனாவைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். அதில் தையல்காரர் நாடா இல்லை, தச்சர் வைத்திருக்கும் மஞ்சள் இரும்பு அளவு நாடாவை வெட்டிக் குறுக்கே கட்டியிருந்தார். உலகம் முழுக்க அமெச்சூர்கள் இப்படிச் செய்வது வழக்கமாம். மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆண்டெனாவைப் பிடித்து, அங்கிள் காட்டிய திசைக்கு மெதுவாகத் திருப்பினான். முதலில் இரைச்சல். யாரோ இருமினார்கள். ஆசிரியை உஷ் என்றார். பிறகு சட்டென்று ஓர் ஆங்கிலக் குரல், தெளிவாக, பக்கத்து வகுப்பறையிலிருந்து பேசுவதைப்போல. பிள்ளைகள் கத்திவிட்டார்கள். அதில் முதல் பதில் முழுவதும் போய்விட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்களுக்குக் கேட்டது பதில்கள் மட்டும். கேள்வி கேட்கும் பள்ளி தொடுவானத்துக்கு அப்பால் இருக்கிறது, அதன் அலை எங்களுக்கு வராது. போதாக்குறைக்குப் பள்ளிகள் மேலே அனுப்பும் அலைவரிசையை வெளியே சொல்வதுமில்லை. எனவே பதிலைக் கேட்டுக் கேள்வியை ஊகிக்க வேண்டிய நிலை. எந்தப் புதிர் நிகழ்ச்சியிலும் நான் இப்படிப்பட்ட ஆர்வத்தைப் பார்த்ததில்லை.

தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதைப் பற்றி ஒரு பதில் வந்தது. "அக்கா, அவுங்க ஒண்ணுக்கு போனா என்ன செய்வாங்கன்னு கேட்டிருப்பாங்க" என்றான் ஒருவன். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரியாகத்தான் ஊகித்திருந்தான் என்று நினைக்கிறேன். அடுத்து, உறங்கும் பையைச் சுவரில் கட்டிக்கொண்டு தூங்குவதைப் பற்றி. அடுத்த பதில் பாதியில் கரைந்தது. ஆண்டெனாவைப் பிடித்திருந்த மாணவன் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். நிலையம் பள்ளிக் கூரைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆறு நிமிடம் போலக் கேட்டிருப்போம்.

பிறகு ஆசிரியை எல்லாரையும் உட்கார வைத்து, 'நமக்கு ஒரு நாள் கிடைத்தால் என்ன கேட்பீர்கள்?' என்று தாள் கொடுத்தார். விண்வெளியில் என்ன சாப்பிடுவீர்கள் என்பது பாதித் தாளில் இருந்தது. பரவாயில்லை, எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. மேலேயிருந்து பார்த்தால் மழை எப்படி இருக்கும் என்று ஒரு மாணவி. நீங்கள் அழுதால் கண்ணீர் எங்கே போகும் என்று இன்னொருத்தி. ஆண்டெனா பிடித்த மாணவனின் தாளில் ஒரே வரி: 'பயமாக இருந்தால் யாரிடம் சொல்வீர்கள்? ஓவர்.' அந்த 'ஓவர்' வரை எழுதியிருந்தான்.

இந்தக் கேள்வி மேலே போக வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு என்ன வேண்டும் என்று அங்கிளிடம் விசாரித்தேன். கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை, உரிமம் உள்ளவர் பொறுப்பில் பேசலாம் என்றார். பள்ளி விண்ணப்பம் போட வேண்டும், வெறும் பேச்சுக்காக இல்லாமல் பாடத்தோடு சேர்த்துத் திட்டம் காட்ட வேண்டும், பல மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை எடுத்துச் செய்யும் உரிமம் உள்ள ஆட்கள் வேண்டும். "எனக்கு அறுபது தாண்டிருச்சும்மா. கூரைமேல ஏற ரெண்டு இளவட்டம் இருந்தா நல்லாருக்கும்" என்றார் அவர்.

அந்த இளவட்டங்கள் நம் வீட்டிலேயே இருக்கலாம். மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையம் அமெச்சூர் வானொலித் தேர்வை நடத்துகிறது. சட்டவிதிகள், அடிப்படை மின்னணுவியல், அலைகள் எப்படிப் பரவுகின்றன என்பவை பாடம். பி பிரிவில் தேறினால் 9டபிள்யூ என்று தொடங்கும் குறி கிடைக்கும், ஏ பிரிவுக்கு 9எம். தீபகற்பத்துக்கு எண் 2, சபாவுக்கு 6, சரவாக்குக்கு 8. சிங்கப்பூரில் குறி 9வி1 என்று தொடங்கும். ஆசிரியர் ஒருவரோ, பழைய மாணவர் ஒருவரோ இதை எடுத்துவிட்டால் பள்ளிக்குப் பாதி வழி திறந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பேசும் ஏராளமான விஷயங்களுக்கு நடுவே இதையும் ஒரு நாள் பேசலாம்.

காலமும் நிறைய இல்லை. இப்போதுள்ள நிலையத்தை 2030 வரை இயக்கிவிட்டு, பிறகு கடலில் பாதுகாப்பாக இறக்கிவிட அமெரிக்கா திட்டமிட்டுள்ளது. அடுத்து வரும் நிலையங்களிலும் வானொலி இருக்க வேண்டும் என்று ஆரிஸ் தொண்டர்கள் முயன்று வருகிறார்கள். இடம் கிடைக்கலாம். இன்று மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு அதுவரை காத்திரு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கேட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: உரிமம் உள்ள ஒருவரோடு சேர்ந்து திறந்த வெளிக்குப் போங்கள். கைவானொலியை 145.800 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். நிலையம் எப்போது நம் வானத்தைக் கடக்கும் என்று காட்டும் செயலிகள் திறன்பேசிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. சில நாளில் ஒன்றும் கேட்காது. சில வேளை குரலுக்குப் பதிலாகக் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அது ஒலியாக மாற்றி அனுப்பப்படும் படம். கணினியிலோ திறன்பேசியிலோ உரிய செயலி இருந்தால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் வரி வரியாகப் படம் விரியும். குரல்தான் வேண்டும் என்றால் பிற்பகல் 2 மணிக்கு முன்னால் முயல வேண்டாம். அவர்கள் தூங்கட்டும்.